ஆதிவாசி வரலாறும் வாய்மொழிக் கதையும் வகுப்பறையில்: மும்பைத் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மும்பைப் பள்ளிகளில் ஆதிவாசிகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் வார்லி ஓவியத்தில் ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடும். பழுப்பு அட்டை, வெள்ளை பெயின்ட், முக்கோண உடம்பு மனிதர்கள், கடைசியில் ஒரு கண்காட்சி. பிள்ளைகளுக்குக் கைவேலை வந்திருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு உரியவர்கள் கோரேகாவில் தங்களோடு ஒரே லோக்கலில் ஏறி வருகிறார்கள் என்பது தெரிந்திருக்காது.

இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றுகிறது. முதலில் ஆள், அப்புறம் கேட்டல், அப்புறம் வரலாறு, கடைசியில்தான் படம். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தமிழ்வழிப் பள்ளியிலோ வார இறுதித் தமிழ் வகுப்பிலோ 5 முதல் 8-ஆம் வகுப்பு வரை எடுப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வாரம் இரண்டு பீரியட் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு மாத வேலை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நேரத்துக்கு அனுமதி வாங்குவது முதல் வேலை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை 6 முதல் 8-ஆம் வகுப்புக்குள் பத்து நாள் 'பையில்லா நாட்கள்' என்று சொல்கிறது. தலைமை ஆசிரியரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள். "கதை சொல்ல ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னால் அது விழா நிகழ்ச்சியாக மாறி மேடைக்குப் போய்விடும்.

அடுத்தது பணம். கதை சொல்ல வருபவர் அன்றைய வேலையை விட்டுவிட்டு வருகிறார். ஒரு நாள் கூலிக்குக் குறையாத தொகை, போகவர வண்டிச் செலவு, மதியச் சாப்பாடு ஆகியவற்றைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒதுக்கி வையுங்கள். ஒதுக்காத இடத்தில் கடைசியில் மிஞ்சுவது ஒரு சான்றிதழும் பொன்னாடையும்தான்.

மராத்தி நன்றாகப் பேசும் ஒருவர் வேண்டும். நம் பிள்ளைகளின் பம்பாய் இந்தி கடைத்தெருவுக்குப் போதும். பாடாக்களில், அதாவது ஆதிவாசிக் குடியிருப்புகளில், இருக்கும் பெரியவர்கள் வார்லி மொழியும் மராத்தியும் பேசுவார்கள். மாநகராட்சிக் கட்டடங்களில் பல மொழிவழிப் பள்ளிகள் ஒன்றாக இயங்குவது வழக்கம். பக்கத்து மாடியில் இருக்கும் மராத்தி ஆசிரியரையே கேட்டுப் பாருங்கள்.

வரைபடம் புதிதாக இருக்கட்டும். பால்கர் மாவட்டம் தாணேயிலிருந்து பிரிந்தது 2014 ஆகஸ்ட் 1-ல். பழைய படத்தில் டஹாணுவும் தலாசரியும் தாணேயில் கிடக்கும், பிள்ளைகள் குழம்புவார்கள்.

கடைசியாக, ஆளுக்கொரு நோட்டு. ஒவ்வொரு கதைக்கும் முதல் வரிகளில் எழுத வேண்டியது: யார் சொன்னது, எங்கே, எப்போது, எந்த மொழியில், அவர் யாரிடம் கேட்டது. இந்த ஐந்தையும் எழுதாமல் கதைக்குள் போகக் கூடாது. ஆள் பெயர் இல்லாமல் எழுதிய கதை ஒரு மாதத்தில் 'ஆதிவாசிக் கதை' என்ற மொட்டைத் தலைப்பில் போய் நிற்கும்.

2. ஒரே ஒரு சமூகத்தை எடுங்கள்

மும்பையைச் சுற்றி வார்லி, கோக்ணா, மல்ஹார் கோலி, காத்கரி, டாக்கூர் என்று பல சமூகங்கள். எல்லாரையும் ஒரு அட்டவணையில் போட்டு உடை, உணவு, நடனம் என்று கட்டம் கட்டுவது புதிதாகத் தொடங்குபவர்கள் அடிக்கடி செய்வது. அந்த அட்டவணையிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு மனிதர்கூடக் கிடைக்க மாட்டார்.

யாரை எடுப்பது என்பதை இரண்டு விஷயம் முடிவு செய்யட்டும்: யார் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள். கர்ஜத், பன்வேல் பக்கக் காத்கரிக் குடும்பங்கள் பல, மழைக்காலம் முடிந்ததும் செங்கல் சூளைக்கும் கரி சுடுவதற்கும் கிளம்பிவிடும். வார்லிகளுக்கு ஜூலை நாற்று நடும் காலம். தார்பா வாத்தியமும் அதைச் சுற்றி ஆடும் ஆட்டமும் நெல் அறுவடையை ஒட்டி வருபவை. தானிய தேவதை கன்சரியின் கதையும் அந்தக் காலத்தோடு சேர்ந்தது. ஆகவே வார்லி என்றால் தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஜனவரி வரை வசதி.

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள் என்பதால் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். அன்று அவர்களுக்கே ஊர்வலமும் கூட்டமும் இருக்கும், மழையும் கொட்டும்.

தாராவிப் பள்ளிகளில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "டீச்சர், நம்ம கோலிவாடாக்காரங்களும் ஆதிவாசியா?" தாராவியே ஒரு காலத்தில் கடற்கழி ஓரத்து மீனவக் கிராமம், கோலிவாடாக்களில் குடியிருக்கும், மீன்பிடிக்கும் கோலிகள் இந்த நகரத்தின் மிகப் பழைய குடிகளில் ஒருவர். ஆனால் பட்டியல் பழங்குடியில் இருப்பவர்கள் மகாதேவ் கோலி, மல்ஹார் கோலி போன்ற பிரிவினர். கடலோர மீனவக் கோலிகள் அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டையும் கலக்காமல் சொல்லுங்கள். கோலிவாடாவையே எடுத்துச் செய்வதும் நல்ல யோசனைதான், தெருவைக் கடந்தால் போதும். இங்கே நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது கோரேகாவுக்குக் கிழக்கே காடு சூழ்ந்த ஆரே பகுதியில் இருக்கும் வார்லிகளை.

3. பிள்ளைகள் இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்

மாஹிமிலிருந்து கோரேகாவ், அங்கிருந்து கிழக்குப் பக்கம் ஆரே வழியாகப் போகும் பேருந்து. உள்ளே சின்னச் சின்னப் பாடாக்களாகக் குடியிருப்புகள். முதல் முறை போகும்போது கதை கேட்காதீர்கள். நீங்கள் யார், எந்தப் பள்ளி, எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் பிள்ளைகள் கேட்கப்போவது இவற்றைத்தான்.

தனியாகப் போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாற்பது பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அது வேடிக்கை பார்ப்பதுதான், வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. ஒருவர் மட்டும் போனால் பேச்சு நடக்கும்.

மராத்தியில் சரளமாகப் பேசும் இளைஞர்கள்தான் முதலில் முன்னால் வருவார்கள். அவர்கள் உதவி வேண்டும். ஆனால் நீளமான கதைகளும் பாட்டுகளும் பெரும்பாலும் வயதான பெண்களிடம் இருக்கும். வார்லிக் கல்யாணத்தில் சடங்குப் பாட்டுப் பாடி நடத்தி வைப்பவர் தவளேரி என்கிற பெண்தான். "உங்க ஊர்ல சின்ன வயசுல யாரு கதை சொன்னாங்க?" என்று அந்த இளைஞர்களிடமே கேளுங்கள். பெயர் தானாக வரும்.

பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுங்கள். பக்கத்திலேயே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, ஆரேயில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. அங்கே குடியிருப்பவர்களே இருட்டில் தனியாக நடப்பதில்லை.

4. மூன்று அனுமதிகள், தனித்தனியாக

சொல்ல அனுமதி, பதிவு செய்ய அனுமதி, திரும்பச் சொல்ல அல்லது அச்சிட அனுமதி. மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதற்கும் சரி என்றதாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான மனத்தாங்கல்களுக்கு ஆரம்பம்.

கல்யாணத்தில் மட்டும் பாட வேண்டிய பாட்டு, சாமிக்கு முன்னால் மட்டும் சொல்ல வேண்டிய கதை என்று சில இருக்கும். "அதை இங்கே சொல்ல முடியாது" என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஏன் என்று துருவ வேண்டாம். பிள்ளைகளிடமும் "சில கதை நமக்குக் கிடைக்காது" என்று நேராகச் சொல்லிவிடலாம்; அதுவும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

இதன் கனம் பிள்ளைகளுக்குப் புரிய நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அந்த மேற்கு மலையின் இரண்டு சரிவுகளிலும் காணி மக்கள் இருக்கிறார்கள். 1987-ல் கேரளப் பக்கத்து அகத்தியர் மலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியிலிருந்து பிறந்தது 'ஜீவனி' மருந்து. அதற்கான உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. அதைப் பெற 1997-ல் அவர்கள் ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை, எல்லாக் காணிகளுக்கும் இதில் சம்மதமா என்ற சச்சரவும் கூடவே எழுந்தது. எழுதி வைக்காத அறிவுக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

பதிவுக்குச் சம்மதம் கிடைத்தாலும் ஒரே ஒரு போனில்தான் பதிவு. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ஒரு தடவை போனால் போனதுதான், திரும்ப வாங்க முடியாது.

5. முதலில் வீட்டுக் கதை

விருந்தாளி வருவதற்கு முன் பிள்ளைகளுக்குக் கேட்கப் பழக்கம் வேண்டும். அதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஆச்சியிடமோ தாத்தாவிடமோ பக்கத்துச் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருக்கும் பெரியவரிடமோ ஒரு கதை கேட்டு வர வேண்டும். கேட்கும்போது எழுதக் கூடாது. கேட்டு முடித்தபின் அந்த ஐந்து விவரத்தை மட்டும் எழுதலாம். மறுநாள் வகுப்பில் வாயால் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "உங்க குலசாமி கதையைக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். சாமி பெயரும் கோவில் ஊரும் வெளியே வந்தால் சாதியும் கூடவே வந்துவிடும். சில பிள்ளைகள் அன்றைக்கு வகுப்புக்கே வர மாட்டார்கள்; வருபவர்களில் சிலர் பொய்க் கதை சொல்வார்கள். "பயந்த கதை", "மழைக்காலத்துக் கதை", "ஊரை விட்டு வந்த கதை" என்று கேளுங்கள். சுடலைமாடனோ இசக்கியோ வரவேண்டுமென்று இருந்தால் பிள்ளை விருப்பப்படி வரட்டும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். நேரம் இல்லை என்பார்கள். ஆனால் தன் வீட்டுக் கதை ஆளுக்கு ஆள் மாறுவதைப் பார்த்த பிள்ளைதான், வார்லிக் கதை இரண்டு விதமாக வரும்போது "எது சரி?" என்று கேட்காது. தன் ஆச்சி சொல்ல மறுத்த கதை ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு நாலாவது படியை விளக்கவும் வேண்டாம்.

6. வரலாற்றை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள்

வகுப்பறையின் குறுக்கே ஒரு கயிற்றுக் கொடி கட்டுங்கள். வருடம் எழுதிய அட்டைகளைத் துணி கிளிப்பில் மாட்டப் போகிறோம். இந்தக் கோடியில் இந்த வருடம். அங்கிருந்து பின்னால் போக வேண்டும்.

'பழங்காலத்தில்' என்று தொடங்கினால் பிள்ளைகள் முழுப் பாடத்தையும் "வாழ்ந்தார்கள், வேட்டையாடினார்கள், வணங்கினார்கள்" என்றே எழுதுவார்கள், பாடத்தில் இருப்பவர்கள் செத்துப்போனவர்கள் மாதிரி. நோட்டைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது வினைமுற்றைத்தான்.

கொடியில் மாட்ட வேண்டியவை: 2019 அக்டோபர், மெட்ரோ பணிமனைக்காக ஆரேயில் இராத்திரியோடு இராத்திரியாக மரங்கள் வெட்டப்பட்டது, எதிர்த்தவர்களில் ஆரே ஆதிவாசிகளும் இருந்தார்கள். 2006, வன உரிமைச் சட்டம். 1949, ஆரே பால் குடியிருப்பு உருவானது. பாடாக்கள் அதற்கு முன்பிருந்தே இருக்கின்றன என்பது அங்கிருப்பவர்கள் சொல்வது. 'அரசு நிலம்', 'ஆக்கிரமிப்பு' என்ற பேச்சுக்குப் பின்னால் இருக்கும் சிக்கல் இந்த ஒரு அட்டையிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபடும்.

அப்புறம் 1945. இந்த ஒரு அட்டைக்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். டஹாணு, தலாசரி, உம்பர்காவ் பகுதியில் வார்லிகள் நிலக்காரர்களுக்கும் காட்டுக் குத்தகைக்காரர்களுக்கும் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. அதற்கு வேட் என்று பெயர். கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவர், கடன் தீரும்வரை மனைவியோடு சேர்ந்து அடிமை வேலை செய்ய வேண்டும், அவர் லக்னகடி. விவசாயிகள் சங்கமான கிசான் சபாவின் கோதாவரி பருலேக்கரும் ஷாம்ராவ் பருலேக்கரும் கிராமம் கிராமமாகப் போனார்கள். வார்லிகள் வேட் செய்ய மறுத்தார்கள், நியாயமான கூலி கேட்டார்கள். 1945 அக்டோபர் 10 அன்று தல்வாடாவில் கூடியிருந்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். வெள்ளை பெயின்டில் கைகோத்து ஆடும் அந்த முக்கோண மனிதர்கள் வேலைநிறுத்தமும் செய்தவர்கள் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்க்கும் விதமே வேறு. உம்பர்காவ் இப்போது குஜராத்தில் இருக்கிறது. வார்லிகள் நடுவில் மாநில எல்லை போனது 1960-ல். வரைபடத்தை இங்கே விரியுங்கள்.

கடைசிக் கோடியில் 1871, சில சமூகங்களை முழுதாகவே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம். காத்கரிகள் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தவர்கள். இதே சட்டத்தின் பெயரில்தான் 1920-ல் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதும் சட்டம் நீங்கியது 1952-ல். இரண்டு ஊரையும் ஒரே அட்டையில் எழுதலாம்.

இதே கொடியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் மும்பைக்கு வந்த வருடத்தையும் மாட்டட்டும், தெரிந்தவரை. இதை மாட்டிய உடனே யாராவது ஒருவர் கேட்பார்: "அவங்கதான் முதல்ல இருந்தாங்கன்னா, நாம போகணுமா?" இந்த நகரத்தில் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களை விரட்டும் அரசியல் இங்கே நடந்தது. வீட்டில் தாத்தாக்களுக்கு நினைவிருக்கும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். 1945-ல் கேட்டது கூலியும் விடுதலையும். வன உரிமைச் சட்டம் தருவது அவரவர் உழும், குடியிருக்கும் நிலத்துக்கான பட்டா. யாரையும் ஊரை விட்டு அனுப்பச் சொல்லும் கோரிக்கை இரண்டிலும் இல்லை. மண்ணின் மைந்தர் அரசியலையும் ஆதிவாசி உரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப ஆட்கள் இருக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு இப்போதே இரண்டும் வேறு என்று தெரிவது நல்லது.

7. கதை சொல்லும் நாள்

மேடை வேண்டாம், மைக் வேண்டாம், வரவேற்புரை வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். நம் பள்ளிகளில் இந்த நான்கையும் தடுப்பதுதான் அன்றைக்குப் பெரிய வேலை. மேடையேற்றினால் வந்தவர் பேச்சாளராகிவிடுவார், கதை சொல்ல மாட்டார்.

பாயை விரித்து வட்டமாக உட்காருங்கள். முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அதிகம் இருந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள், இரண்டு நாளுக்கும் கூலி கொடுங்கள். 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கும் அறையில் ஹாரன் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, பின்பக்க அறையைப் பிடியுங்கள். அந்த நேரத்தில் மணி அடிக்க வேண்டாம் என்று பியூனிடம் சொல்லி வையுங்கள். பணத்தை ஆரம்பிப்பதற்கு முன்பே அலுவலக அறையில் கவரில் கொடுத்துவிடுங்கள், எல்லார் முன்னாலும் கூடாது.

மொழிபெயர்ப்பவர் கதை சொல்பவருக்குப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். வரிக்கு வரி மாற்றினால் கதை செத்துவிடும். ஒரு சம்பவம் முடிந்ததும் நிறுத்திச் சொல்லட்டும். ஆள் பெயர், சாமி பெயர், மரம், ஊர்ப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

பிள்ளைகள் எழுதக் கூடாது. எழுதினால் தலை குனிந்திருக்கும்; சொல்பவருக்குப் பார்க்க முகம் கிடைக்காது. அதற்குப் பதில் ஒரு பிள்ளையை 'உம்' கொட்ட வையுங்கள். நம் வீடுகளில் ஆச்சி கதை சொல்லும்போது உம் கொட்ட ஆள் இல்லையென்றால் கதை நின்றுவிடும் அல்லவா, பிள்ளைகள் அதை ஐந்தாவது படியிலேயே பழகியிருப்பார்கள்.

கேள்விகளை முந்தின நாளே வாங்கிப் பாருங்கள். "நீங்க காட்டுல என்ன சாப்பிடுவீங்க?", "ஒரு டான்ஸ் ஆடிக் காட்டுங்க" போன்றவற்றை அன்றே எடுத்துவிடலாம். வந்தவரும் பிள்ளைகளைக் கேள்வி கேட்க நேரம் விடுங்கள். பதிலுக்கு ஒரு பிள்ளை தன் வீட்டுக் கதையை அவருக்குச் சொல்லட்டும். வாங்கிக்கொண்டு மட்டும் அனுப்பாமல் இருக்க இதுதான் எளிய வழி.

8. மறுநாள் வாயால் திரும்பச் சொல்ல வையுங்கள்

மறுநாளே. ஒரு வாரம் கழித்து என்றால் கதை கரைந்துபோய் கார்ட்டூன் கலந்துவிடும். இருவர் இருவராக, ஆளுக்கு நாலு நிமிடம். முதல் வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றே: இன்னார் சொன்ன கதை, ஆரேயில் இன்ன பாடாவிலிருந்து வந்தார்.

கேட்டது வாகோபா கதை என்று வைத்துக்கொள்வோம். வாகோபா புலி, சிறுத்தைத் தெய்வம். ஆரேயிலும் பால்கரிலும் மரத்திலோ கல்லிலோ செதுக்கிய உருவங்களாகப் பாடாக்களுக்கு அருகில் இருக்கும். மகாராஷ்டிராவில் 150 வாகோபா கோவில்களைப் பதிவு செய்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. கதைக்குப் பல வடிவங்கள். பலவற்றில் ஒரு பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை புலியாகிறான், கால்நடைகளை அடிக்கிறான், ஊருக்கும் அவனுக்கும் இடையில் ஒரு உடன்படிக்கை ஏற்படுகிறது: அவனுக்கு இடமும் வருடாவருடம் படையலும் ஊர் தரும், அவன் ஊரைத் தொந்தரவு செய்ய மாட்டான். தீபாவளிக்குச் சற்று முன் வரும் வாக்பாரஸ் அந்தப் படையல் நாள்.

எல்லாரும் சொல்லி முடித்ததும் கரும்பலகையில் இரண்டு பத்தி: யாருமே மாற்றாதது, ஆளுக்கு ஆள் மாறியது. உடன்படிக்கையை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். வீட்டின் நிறம், அம்மாவின் அழுகை, புலி பேசியது எல்லாம் மாறியிருக்கும். கதைக்கு எலும்பு எது, சதை எது என்பது அப்படியே தெரிந்துவிடும். மாறியதைத் திருத்தாதீர்கள்.

9. "கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள்

தமிழ் ஆசிரியர்களுக்கு இது கை தானாகப் போகும் இடம். நீதிக்கதைகளிலேயே வளர்ந்துவிட்டோம். வாகோபா கதைக்கு 'இயற்கையோடு இசைந்து வாழ்வோம்' என்று நீதி எழுதிய உடனே கதையின் வேலை முடிந்துவிடும், பிள்ளை மேற்கொண்டு யோசிக்காது.

மாறாக இதைக் கேளுங்கள்: உடன்படிக்கையில் ஊர் என்ன செய்ய வேண்டும், வாகோபா என்ன செய்ய வேண்டும், மீறினால் என்ன? அப்புறம் சிறுத்தை பற்றி வனத்துறை சொல்லும் அறிவுரையைப் பக்கத்தில் வையுங்கள்: குப்பையைக் குவிக்காதே, அது நாயை இழுக்கும், நாய் சிறுத்தையை இழுக்கும், இருட்டில் குழந்தையைத் தனியே விடாதே. இரண்டும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றித்தான் பேசுகின்றன. வனத்துறைக் குறிப்பில் சிறுத்தைக்குக் கடமை எதுவும் இல்லை, கதையில் இருக்கிறது. பிள்ளைகள் இந்த வித்தியாசத்தைச் சீக்கிரமே பிடித்துவிடுவார்கள்.

'மூடநம்பிக்கை' என்று ஒரு ஓரம் தள்ளுவதும், 'காட்டின் காவலர்கள்' என்று தலையில் தூக்கி வைப்பதும் ஒரே வகைச் சோம்பல்தான். இரண்டிலும் எதிரே இருக்கும் ஆளிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

"டீச்சர், ஐயப்பனும் புலி மேலதான் வருவாரு" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். ஆமாம், இல்லை என்று எதுவும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதுங்கள். ஒன்றில் புலி வாகனம், மற்றதில் புலியே தெய்வம், அதுவும் ஊரோடு பேரம் பேசிய தெய்வம் என்று அவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். எல்லாம் ஒன்றுதான் என்று நீங்கள் முடித்துவிட்டால் வார்லிக் கதை அங்கேயே காணாமல் போகும்.

10. படம்

இப்போது ஓவியத்துக்கு வரலாம். முதலில் பார்க்க மட்டும். கல்யாண வீட்டுச் சுவரில் செம்மண் பூசி, அரிசி மாவைக் குழைத்து, சுமங்கலிப் பெண்கள் வரைவது தேவ சௌக். நடுவில் கல்யாணத் தெய்வமான பாலகட் தேவி. தவளேரியின் பாட்டு அதோடு சேர்ந்தே நடக்கும். காகிதத்துக்கும் விற்பனைக்கும் அது பரவலாக வந்தது 1970-களில். டஹாணு பக்கம் கஞ்சாட் கிராமத்து ஜிவ்யா சோமா மஷே அதில் பெரிய பெயர், 2011-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2018-ல் காலமானார்.

தேவ சௌக்கைப் பிள்ளைகளை வரையச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. சடங்குப் படம் அது. முக்கோண மனிதர்களை நகலெடுப்பதும் எனக்குப் பிடிப்பதில்லை. கேட்ட கதையைத் தங்கள் கையெழுத்தில், தங்களுக்கு வந்த பாணியில் வரையட்டும். சுவரை அழகாக்கத்தான் வேண்டுமென்றால் வார்லி ஓவியர் ஒருவரையே கூலி கொடுத்து அழையுங்கள்.

11. மதிப்பெண்

'வார்லி மக்கள் பற்றிக் குறிப்பு வரைக' என்ற கேள்வி இவ்வளவு வேலையையும் அரைப் பக்கத்தில் பழையபடி ஆக்கிவிடும். வாயால் சொல்ல வைத்தே மதிப்பிடுங்கள். சொன்னவர் பெயரை முதலில் சொன்னாரா, எலும்பு மாறாமல் வந்ததா, கொடியில் இருக்கும் ஏதாவது ஒரு வருடத்தோடு கதையைச் சேர்த்துப் பேச முடிந்ததா. இதற்கு மேல் வேண்டாம்.

12. திருப்பிக் கொடுப்பதும் கோப்பும்

ஒரு மாதத்துக்குள் பாடாவுக்கு மறுபடி போங்கள். பிள்ளைகள் திரும்பச் சொன்ன கதையின் ஒலிப்பதிவு, அவர்கள் வரைந்த படங்களின் நகல், மராத்தியில் ஒரு பக்கச் சுருக்கம். இவற்றைக் கொடுத்து, எதாவது தவறாகப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். அவர் மாற்றச் சொன்னதை வகுப்பில் வந்து சொல்லி நோட்டில் மாற்ற வையுங்கள். அச்சிடச் சம்மதித்திருந்தால் பெயர் எப்படி வர வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். சிலர் பாடாவின் பெயர் போதும் என்பார்கள்.

பள்ளியில் ஒரு கோப்பு வையுங்கள். யாரைக் கூப்பிட்டோம், எந்த மாதம், என்ன கொடுத்தோம், மூன்று அனுமதிகளில் எவை கிடைத்தன, எவை கிடைக்கவில்லை, மொழிபெயர்த்தவர் யார். மாநகராட்சிப் பள்ளிகளில் இடமாற்றம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அடுத்த ஆசிரியர் முதல் படியிலிருந்து ஆரம்பிக்க நேர்ந்தாலும், கொடுக்கப்படாத அனுமதியைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கக் கூடாது. ஒலிப்பதிவு யாரிடம் இருக்கிறது, எப்போது அழிக்க வேண்டும் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.